தரவுத்தள இணைப்பு இயக்கி: கொழும்புக் கடைக் கணினிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தரவுத்தள இணைப்பு இயக்கி என்பது கணினியில் ஓடும் செயலிக்கும் தகவல் சேமிக்கப்பட்டிருக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு சிறு மென்பொருள். பில் போடும் புரோகிராமுக்கு மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் உள்மொழி தெரியாது. எக்செல் தாளுக்கு எஸ்கியூஎல் சேர்வரின் உள்மொழி தெரியாது. ஒன்று கேட்பதை மற்றதற்குப் புரியும்படி மாற்றி, வரும் விடையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பது இயக்கியின் வேலை. பாடநூலில் இயக்கி எனப்படுவதைக் கடைகளில் ‘ட்ரைவர்’ என்பார்கள். அவற்றுள் அதிகம் புழங்குவது ஓடிபிசி ட்ரைவர்.

வெள்ளவத்தை காலி வீதியில் உள்ள புடவைக்கடை, மருந்தகம், கொட்டாஞ்சேனையில் உள்ள மொத்த வியாபாரக் களஞ்சியம், துறைமுகத்தை ஒட்டிய சரக்கு விடுவிப்பு முகவரின் அலுவலகம் ஆகிய எல்லா இடங்களிலும் இந்த இயக்கியின் தேவை ஒன்றுதான்: ஒரு கணினியில் பதிவான விற்பனையும் இருப்பும் இன்னொரு கணினியில், வேறொரு செயலியில், பிசகாமல் தெரியவேண்டும். இயக்கியை நிறுவப் பத்து நிமிடம் போதும். ஆனால் இணைப்பு வெற்றி என்ற செய்தி திரையில் வந்ததும் வேலை முடிந்துவிட்டதாகக் கொள்வதே பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வித்து. தமிழில் பதிந்த பெயர் பதிந்தபடியே திரும்பி வருகிறதா, அடையாள அட்டை இலக்கம் முழுதாக வருகிறதா, பார்க்க மட்டும் உரிமை உள்ளவர் அழிக்க முடியாமல் இருக்கிறதா என்ற மூன்றையும் சோதித்த பின்புதான் அமைப்பு நிறைவு பெறுகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

1980களின் இறுதிவரை ஒவ்வொரு தரவுத்தள நிறுவனமும் தன் தரவுத்தளத்துக்கென்று தனி இணைப்பு முறையை வைத்திருந்தது. ஒரக்கிளுக்கு எழுதிய செயலியை வேறொரு தரவுத்தளத்துடன் ஓட்டவேண்டுமானால் நிரலின் பெரும்பகுதியைத் திருப்பி எழுதவேண்டியிருந்தது. இதற்குப் பொது வழி காண 1989இல் பல நிறுவனங்கள் சேர்ந்து எஸ்கியூஎல் அக்சஸ் குரூப் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. அதன் வரைவை அடியொற்றி மைக்ரோசொப்ட் 1992இல் ஓடிபிசியின் முதற்பதிப்பை வெளியிட்டது. 1995இல் இதே அடிப்படையிலான அழைப்பு இடைமுகம் சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது.

ஜாவா மொழிக்கு ஜேடிபிசி என்ற தனி முறை 1997 பெப்ரவரியில் வந்தது. மைக்ரோசொப்டே கொண்டுவந்த ஓஎல்இ டிபி என்ற மாற்று முறையை எஸ்கியூஎல் சேர்வருக்குக் கைவிடப்போவதாக அந்த நிறுவனம் 2011இல் அறிவித்து, 2018இல் புதிய இயக்கியுடன் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்த மாற்றங்களுக்கு நடுவிலும் ஓடிபிசி முப்பது ஆண்டுகளைக் கடந்து நிலைத்திருக்கிறது. எக்செல், அக்சஸ், பழைய விஷுவல் பேசிக் செயலிகள், புள்ளிவிவர மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தெரிந்த வழி அதுவே என்பதுதான் காரணம்.

நான்கு அடுக்குகள்

ஓடிபிசி இணைப்பில் நான்கு அடுக்குகள் உண்டு. மேலே இருப்பது செயலி. அதன் கீழே இயக்கி மேலாளர்; இது விண்டோஸுடன் கூடவே வருவதால் தனியாக நிறுவ வேண்டியதில்லை. மூன்றாவது, அந்தந்தத் தரவுத்தளத்துக்கான இயக்கி. நான்காவது, தரவுத்தளம். செயலி ஒரு பெயரைச் சொல்லி இணைப்புக் கேட்கும். அந்தப் பெயருக்கு எந்த இயக்கி, எந்தக் கணினி, எந்தத் தரவுத்தளம் என்பதை மேலாளர் தன் பதிவேட்டில் பார்த்து, உரிய இயக்கியை நினைவகத்தில் ஏற்றும். அதன் பிறகு பேச்செல்லாம் இயக்கி வழியாகவே நடக்கும்.

இந்த அடுக்குமுறையை மனதில் வைத்திருப்பவருக்குப் பிழை தேடுவது எளிது. பிழை மேலாளரிடம் பிறந்ததா, இயக்கியிடம் பிறந்ததா, தரவுத்தளத்திடம் பிறந்ததா என்று முதலில் பிரித்துவிட்டால் தேடவேண்டிய இடம் வெகுவாகக் குறைந்துவிடும்.

எந்தத் தரவுத்தளம், எந்த இயக்கி

சிறு வியாபாரங்களில் இருவகைத் தரவுத்தளங்கள் புழங்குகின்றன. ஒன்று கோப்பு வகை. அக்சஸ் இதற்கு எடுத்துக்காட்டு: எல்லாத் தகவலும் ஒரே கோப்பில் இருக்கும், கோப்பின் உச்ச அளவு 2 கிகாபைட். மற்றது சேர்வர் வகை: மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சேர்வர் என்பன. எஸ்கியூஎல் சேர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில், 2008 ஆர்2 தொடக்கம் 2022 வரை, ஒரு தரவுத்தளத்துக்கு 10 கிகாபைட் எல்லை உண்டு.

இரண்டில் எதைத் தேர்வது என்பதைக் கொழும்பில் மின்சாரமும் தீர்மானிக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. பொதுப் போல்டரில் கிடக்கும் அக்சஸ் கோப்பில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பே சிதைந்துவிடலாம். கோப்பை நேரடியாக எழுதுவது ஒவ்வொரு காசாளரின் கணினியிலும் உள்ள இயக்கி என்பதால், ஏதாவது ஒரு கணினி அணைந்தாலும் எழுத்து பாதியில் நின்றுவிடும். சேர்வர் வகையில் எழுதுவது சேர்வர் மட்டுமே. அது ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் பதிவுக் கோப்பில் குறித்துக்கொண்டு பிறகே அட்டவணையில் பதிவதால், மின்சாரம் வந்ததும் முடிந்த பரிவர்த்தனைகளைக் காத்து, முடியாதவற்றை விலக்கித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஒரே ஒரு யுபிஎஸ் வாங்க வசதியுள்ள கடை அதைச் சேர்வருக்கு வைத்தால் போதும்.

இயக்கியை அந்தத் தரவுத்தளத்தை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து இறக்குவதே நல்லது. மைஎஸ்கியூஎல்லுக்கு கனெக்டர் ஓடிபிசி, போஸ்ட்கிரெஸுக்கு பிஎஸ்கியூஎல் ஓடிபிசி, எஸ்கியூஎல் சேர்வருக்கு ஓடிபிசி ட்ரைவர் 17 அல்லது 18, அக்சஸ் கோப்புகளுக்கு அக்சஸ் டேட்டாபேஸ் என்ஜின் என்பன வழக்கமான தெரிவுகள். எஸ்கியூஎல் சேர்வர் என்ற பெயரிலேயே விண்டோஸுடன் வரும் பழைய இயக்கி இன்னும் பட்டியலில் தெரியும். அது பழைய செயலிகளுக்காக விட்டுவைக்கப்பட்டது. புதிய அமைப்புக்கு ஏற்றதல்ல.

32-பிட்டும் 64-பிட்டும்

இத்துறையில் மிக அதிகமாக நேரும் பிழை இதுதான். விதி ஒன்றே: இயக்கியின் பிட் அளவு அதை அழைக்கும் செயலியின் பிட் அளவோடு பொருந்தவேண்டும். விண்டோஸ் எத்தனை பிட் என்பதோ சேர்வர் எத்தனை பிட் என்பதோ இங்கு கணக்கில்லை.

புடவைக்கடை ஒன்றின் கணினியை எடுத்துக்கொள்ளலாம். பில் போடும் செயலி விஷுவல் பேசிக் 6இல் எழுதப்பட்டது. 1998இல் வெளிவந்த அந்த மொழியில் எழுதும் செயலி எப்போதும் 32-பிட் செயலியே. அதே கணினியில் முதலாளி மாத அறிக்கை எடுப்பது 64-பிட் எக்செல்லில்; ஒபிஸ் 2019 முதல் இயல்பாக நிறுவப்படுவது 64-பிட் பதிப்புத்தான். இந்த இரண்டும் ஒரே தரவுத்தளத்தைப் பார்க்கவேண்டுமானால் இரண்டு இயக்கிகளையும் நிறுவி, இரண்டிலும் ஒரே பெயரில் இணைப்பை அமைக்கவேண்டும். ஒன்றை மட்டும் நிறுவினால் பில் ஓடும், அறிக்கை வராது. அல்லது அறிக்கை வரும், பில் ஓடாது.

விண்டோஸின் கோப்புப் பெயர்களும் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகின்றன. ஓடிபிசி நிர்வாகச் செயலி 64-பிட் விண்டோஸில் இரண்டு உண்டு. இரண்டின் கோப்புப் பெயரும் 32 என்றே முடிகிறது. 64-பிட் செயலி சிஸ்டம்32 போல்டரிலும் 32-பிட் செயலி சிஸ்வாவ்64 போல்டரிலும் இருக்கின்றன. போல்டர் பெயரைப் பார்த்துத் தீர்மானிப்பவர் தலைகீழாகத்தான் திறப்பார். விண்டோஸ் 8 முதல் தொடக்கப் பட்டியலில் இரண்டும் 32-பிட், 64-பிட் என்று தெளிவாகப் பெயரிடப்பட்டிருப்பதால் தேடல் பெட்டியில் ஓடிபிசி என்று தட்டித் திறப்பதே பிசகில்லாத வழி.

அக்சஸ் என்ஜினில் இன்னொரு தடை உண்டு. கணினியில் ஒரு பிட் அளவில் ஒபிஸ் இருக்கும்போது மற்றப் பிட் அளவிலான என்ஜினை நிறுவப் போனால் நிறுவி மறுத்துவிடும். அப்படிப்பட்ட கணினியில் ஒபிஸை எந்தப் பிட் அளவில் நிறுவுவது என்பதையே பில் செயலியைப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

நிறுவல்

நிறுவலுக்கு நிர்வாகி உரிமை வேண்டும். பழைய பதிப்பு ஏற்கனவே இருக்கிறதா என்று நிர்வாகச் செயலியின் ட்ரைவர்ஸ் பக்கத்தில் முதலில் பார்க்கவேண்டும். அங்கு இயக்கியின் பெயர், பதிப்பு, நிறுவனம், கோப்பு ஆகியவை வரிசையாகத் தெரியும்.

மைஎஸ்கியூஎல் இயக்கிக்கு முன்தேவை ஒன்று உண்டு. மைக்ரோசொப்டின் விஷுவல் சி++ இயங்கு நூலகம் கணினியில் இல்லையானால் இயக்கி பட்டியலில் தெரியும். ஆனால் இணைப்பை அமைக்கப் போகும்போது அமைப்புப் பிழை 126 என்ற செய்தியோடு நின்றுவிடும். இயக்கியைத் திருப்பித் திருப்பி நிறுவுவதால் இது தீராது. பொருத்தமான பிட் அளவில் அந்த நூலகத்தை நிறுவினால் தீரும்.

ஒரே அமைப்பைப் பல கணினிகளில் செய்யவேண்டிய அலுவலகத்தில் ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நிறுவிக் கோப்பை மௌனமாக ஓட்டும் கட்டளை விண்டோஸில் உண்டு. இணைப்புப் பெயரை உருவாக்கும் கட்டளை விண்டோஸ் 8 முதல் பவர்ஷெல்லிலும் கிடைக்கிறது. இரண்டையும் ஒரு சிறு கட்டளைக் கோப்பில் எழுதி வைத்தால் இருபது கணினியிலும் ஒரே எழுத்தில், ஒரே அமைப்பில் வேலை முடியும்.

இணைப்புப் பெயரும் அதன் மூன்று வகையும்

இயக்கியை நிறுவியதும் செய்யவேண்டியது டிஎஸ்என் எனப்படும் தரவு மூலப் பெயரை உருவாக்குவது. இயக்கியின் பெயர், சேர்வரின் முகவரி, போர்ட் இலக்கம், தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர் ஆகியவற்றை ஒரு பெயரின் கீழ் கட்டி வைப்பதே அது.

பயனர் டிஎஸ்என் அதை உருவாக்கிய விண்டோஸ் பயனருக்கு மட்டும் தெரியும். சிஸ்டம் டிஎஸ்என் அந்தக் கணினியின் எல்லாப் பயனருக்கும் தெரியும். கோப்பு டிஎஸ்என் ஒரு எழுத்துக் கோப்பாக இருப்பதால் பொதுப் போல்டரில் வைத்துப் பலர் பயன்படுத்தலாம். காலையில் ஒரு காசாளரும் மாலையில் இன்னொருவரும் தத்தம் பெயரில் உள்நுழையும் கணினிக்குச் சிஸ்டம் டிஎஸ்என் தான் பொருந்தும். பயனர் டிஎஸ்என்னாக அமைத்துவிட்டால் காலையில் ஓடிய பில் மாலையில் ஓடாது. காரணம் தெரியாமல் கணினியைத் திருத்த அனுப்ப நேரும்.

போர்ட் இலக்கங்கள் பெரும்பாலும் இயல்பானவையே: மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432, எஸ்கியூஎல் சேர்வருக்கு 1433, ஒரக்கிளுக்கு 1521. எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸில் மட்டும் இரண்டு கவனங்கள் வேண்டும். நிறுவியவுடன் அதில் டிசிபி வழி இணைப்பு மூடப்பட்டிருக்கும். அமைப்புக் கருவியில் அதைத் திறந்து சேவையை மறுபடி தொடங்கவேண்டும். அத்துடன் அது தனிப்பெயர் கொண்ட நிகழ்வாக ஓடி, மாறும் போர்ட்டைப் பயன்படுத்துவதால் பிரவுசர் சேவையும் 1434 யுடிபி போர்ட்டும் திறந்திருக்கவேண்டும், அல்லது ஒரு நிலையான போர்ட்டைக் கொடுக்கவேண்டும்.

ட்ரைவர் 18க்கு மாறுபவர்கள் இன்னொன்றையும் எதிர்பார்க்கவேண்டும். 2022இல் வந்த அந்தப் பதிப்பு இணைப்பை இயல்பாகவே மறையாக்கம் செய்கிறது. சேர்வரின் சான்றிதழ் நம்பகமானதா என்றும் பார்க்கிறது. 17இல் ஓடிய அதே அமைப்பு 18இல் சான்றிதழ்ப் பிழையோடு நின்றால் இயக்கி பழுதென்று கொள்ளக்கூடாது. சேர்வருக்கு முறையான சான்றிதழ் வைப்பதே சரியான தீர்வு. சான்றிதழை நம்பும்படி இயக்கிக்குச் சொல்லும் விருப்பம், கடையின் உள் வலையமைப்புக்குள் மட்டும், தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ளத் தக்கது.

தமிழ் எழுத்தும் இயக்கியும்

தமிழில் கணக்கு வைப்பவருக்கு இயக்கித் தெரிவின் மிக முக்கியமான பகுதி இது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டுக்கும் இயக்கியை நிறுவினால் பட்டியலில் ஆன்சி, யுனிகோட் என்று இரண்டு பெயர்கள் தெரியும். தமிழுக்கு யுனிகோட் இயக்கி ஒன்றே வழி. விண்டோஸில் அரபு, கிரேக்கம், தாய் போன்ற மொழிகளுக்கு ஆன்சிக் குறியீட்டுப் பக்கங்கள் உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று எப்போதும் இருந்ததில்லை. ஆகவே ஆன்சி இயக்கி வழியே போகும் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாக மாறிவிடும். அப்படி மாறிப் பதிவானதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, ஏனென்றால் எழுத்தே அழிந்துவிட்டது.

இந்தத் தடையைத் தாண்ட இலங்கைத் தமிழர்கள் நெடுங்காலம் கைக்கொண்ட வழி பாமினி எழுத்துரு. பாமினியில் கணினியின் நினைவில் கிடப்பவை ஆங்கில எழுத்துகள். கண்ணுக்கு மட்டும் தமிழாகத் தெரியும். அம்மா என்ற சொல்லில் அகரம் எம் என்ற ஆங்கில எழுத்தின் இடத்திலும், மகரம் கே எழுத்தின் இடத்திலும், புள்ளி அரைப்புள்ளிக் குறியின் இடத்திலும், கால் எச் எழுத்தின் இடத்திலும் இருக்கின்றன. அதனால் ஆன்சி இயக்கி வழியே பாமினித் தரவு பிசகாமல் போய்வரும். விஷுவல் பேசிக் 6இன் படிவங்கள் யுனிகோடை அறியாதவை என்பதால் அந்தக் காலச் செயலிகளுக்கு இதைவிட நல்ல வழியும் இருக்கவில்லை.

விலை வேறிடத்தில் கொடுக்கப்பட்டது. பாமினியில் சிறிய எம் அகரம், பெரிய எம் ஆகாரம். சிறிய பி எழுத்து டி என்ற தமிழ் எழுத்து. ஆகவே அடி என்ற சொல்லும் ஆடி என்ற சொல்லும் ஒரே ஆங்கில எழுத்துகளால் ஆனவை. முதலெழுத்துப் பெரிதா சிறிதா என்பது மட்டுமே வேறுபாடு. மைஎஸ்கியூஎல்லிலும் எஸ்கியூஎல் சேர்வரிலும் கொலேஷன் எனப்படும் ஒப்பீட்டு விதி இயல்பாகவே பெரிய, சிறிய எழுத்துகளைச் சமமாகக் கொள்ளும். எனவே அடியைத் தேடினால் ஆடியும் வரும். க எழுத்தும் கு எழுத்தும் இதேபோல் ஒன்றாகிவிடும். தனித்துவமாக இருக்கவேண்டிய நிரலில் (அட்டவணையின் நெடுவரிசையில்) இரண்டாவது பெயரைத் தரவுத்தளம் ஏற்கவே ஏற்காது. அகரவரிசையும் ஆங்கில எழுத்தின் வரிசையில் போகும். அரைப்புள்ளியால் நிரல் பிரிக்கும் எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் புள்ளி வைத்த ஒவ்வொரு மெய்யிலும் நிரல் உடைந்துவிடும்.

ஆகையால் பழைய தரவை யுனிகோடுக்கு மாற்றுவது இயக்கி மாற்றத்தோடு சேர்த்துச் செய்யவேண்டிய வேலை. யுனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி உண்டு. இலங்கையில் எஸ்எல்எஸ் 1326:2008 என்ற தேசியத் தரமும் உண்டு. மாற்றும்போது கொம்பு எழுத்துகளில் கவனம் தேவை. பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்படும். யுனிகோடில் மெய்க்குப் பின்னால் வரும். எழுத்தை எழுத்தாக மட்டும் மாற்றும் கருவி கொம்பைத் தவறான மெய்யோடு சேர்த்துவிடும்.

நிரலின் அகலமும் பார்க்கப்படவேண்டும். வெள்ளவத்தை என்பது கண்ணுக்கு 6 எழுத்து. யுனிகோடில் 10 குறியீடு. யுடிஎப்-8 முறையில் 30 பைட். கொட்டாஞ்சேனையும் 6 எழுத்துத்தான், ஆனால் 12 குறியீடு, 36 பைட். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயருக்கு 20 இடம் போதும் என்று நினைத்து அமைத்த நிரலில் ஒரு தமிழ் முகவரி பாதியில் வெட்டுப்படும். மைஎஸ்கியூஎல் குறியீடுகளை எண்ணும். எஸ்கியூஎல் சேர்வரின் சாதாரண எழுத்து நிரல் பைட்டை எண்ணும். பின்னதில் தமிழுக்கு யுனிகோட் எழுத்து வகையைத் தெரிந்து, நேரடியாக எழுதும் எஸ்கியூஎல் வாக்கியத்தில் தமிழ்ச் சொல்லின் மேற்கோளுக்கு முன்னால் பெரிய என் எழுத்தையும் இடவேண்டும். அதை மறந்தால் யுனிகோட் இயக்கி இருந்தும் கேள்விக்குறிகளே பதிவாகும்.

மைஎஸ்கியூஎல்லில் 8.0 பதிப்புக்கு முன் இயல்பான எழுத்துத் தொகுதி லத்தீன்-1. அந்தக் காலத் தரவுத்தளத்தில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று ஐரோப்பியக் குறிகளாகத் தெரிந்தால் அது அழியவில்லை என்று பொருள்: பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, பெயர்ப்பலகை மட்டும் தவறு. நிரலை முதலில் பைட் வகைக்கும் பிறகு யுடிஎப்8எம்பி4 தொகுதிக்கும் மாற்றினால் தமிழ் மீண்டு வரும். கேள்விக்குறிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருப்பது ஒரு கடையின் பத்தாண்டுப் பதிவுகளைக் காப்பாற்றக்கூடியது.

அடையாள இலக்கம், திகதி, நேரம்

இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஈற்றில் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கம் மட்டுமே. எக்செல் தாளை வாசிக்கும் மைக்ரோசொப்ட் இயக்கி இயல்பாக முதல் 8 வரிகளைப் பார்த்தே ஒரு நிரல் எண்ணா எழுத்தா என்று தீர்மானிக்கிறது. வாடிக்கையாளர் பட்டியலின் முதல் எட்டுப் பேரும் புதிய அட்டைக்காரர்களாக இருந்து, இலக்கங்கள் எண்களாகத் தட்டப்பட்டிருந்தால், கீழே உள்ள பழைய அட்டை இலக்கங்கள் எல்லாம் வெற்றிடமாக வந்து சேரும். பிழைச் செய்தி எதுவும் வராது. அடையாள இலக்கத்தையும், பூச்சியத்தில் தொடங்கும் தொலைபேசி இலக்கத்தையும் எக்செல்லிலும் தரவுத்தளத்திலும் எழுத்து வகையாகவே வைப்பதுதான் இதற்குத் தீர்வு.

திகதியில் நாள் முன்னா மாதம் முன்னா என்ற ஐயம் எப்போதும் உண்டு. 04/05 என்பது இலங்கையில் மே 4. அக்சஸின் எஸ்கியூஎல் வாக்கியத்தில் ஏப்ரல் 5. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் இந்த ஐயம் பெரும்பாலும் நீங்கும்.

நேர வலயச் சிக்கல் ஜாவாக்காரர்களுக்கு உரியது. இலங்கை 1996இல் நேரத்தை இருமுறை மாற்றியது; 2006 ஏப்ரலில் ஐந்தரை மணித்தியால வேறுபாட்டுக்குத் திரும்பியது. விண்டோஸில் இதற்கு இலங்கை நியம நேரம் என்ற பொருள்படும் தனிப்பெயர் உண்டு. மைஎஸ்கியூஎல்லின் ஜேடிபிசி இயக்கியினது 8.0 வரிசைத் தொடக்கப் பதிப்புகள் சேர்வர் தரும் நேர வலயப் பெயரை அறியாதபோது இணைப்பை மறுத்தன. இணைப்பு வரியில் நேர வலயத்தை ஆசியா, கொழும்பு என்று குறித்தால் தடை நீங்கும்.

பிழைச் செய்தியை வாசித்தல்

ஓடிபிசி பிழை ஒவ்வொன்றும் ஐந்து எழுத்துக் குறியோடு வரும். நீண்ட ஆங்கில வாக்கியத்தைவிட அந்தக் குறி தெளிவாகப் பேசும். ஐஎம்002 என்றால் அந்தப் பெயரில் டிஎஸ்என் இல்லை, அல்லது இயக்கியின் பெயர் எழுத்துப் பிசகு. மேலாளரைத் தாண்டி எதுவும் போகவில்லை. ஐஎம்014 என்றால் 32-பிட், 64-பிட் பொருத்தமின்மை. 08001 என்றால் சேர்வரை எட்ட முடியவில்லை. 28000 என்றால் சேர்வரை எட்டியாயிற்று, பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. 08எஸ்01 என்றால் இருந்த இணைப்பு நடுவில் அறுந்தது. மின்வெட்டுக்குப் பின் பெரும்பாலும் வருவது இதுவே.

மைஎஸ்கியூஎல் தன் எண்களையும் கூடவே தரும். 2003 என்றால் சேர்வர் ஓடவில்லை அல்லது தீச்சுவர் மறிக்கிறது. 1130 என்றால் அந்தக் கணினியின் முகவரியிலிருந்து வர அனுமதி இல்லை. 2059 என்றால் பழைய இயக்கிக்கு 8.0 பதிப்பின் புதிய கடவுச்சொல் முறை தெரியவில்லை, இயக்கியைப் புதுப்பிக்கவேண்டும்.

சோதிக்கும் வரிசை கீழிருந்து மேலாக இருக்கவேண்டும். சேர்வர்ச் சேவை ஓடுகிறதா, வலையமைப்பில் அந்தக் கணினி பதில் தருகிறதா, போர்ட் திறந்திருக்கிறதா, பயனர் உள்நுழைய முடிகிறதா, அட்டவணை தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தால் முதலில் தடுக்கும் படியே பிழையின் இடம். எதிலும் பிடிபடாவிட்டால் நிர்வாகச் செயலியின் தடம்பதிவு வசதியைச் சிறிது நேரம் ஓட்டலாம். அது வேகத்தை மிகவும் குறைக்கும். பரிமாறப்படும் தரவையும் கோப்பில் எழுதிவிடும். வேலை முடிந்ததும் நிறுத்திக் கோப்பை அழிக்கவேண்டும்.

பாதுகாப்பு

மைஎஸ்கியூஎல் இயக்கியில் கடவுச்சொல்லை டிஎஸ்என்னில் சேமித்தால் அது விண்டோஸ் பதிவேட்டில் வெளிப்படையான எழுத்தாகக் கிடக்கும். கணினியின் முன் அமரும் எவரும் அதை வாசிக்கலாம். எஸ்கியூஎல் சேர்வர் இயக்கி கடவுச்சொல்லை டிஎஸ்என்னில் சேமிப்பதில்லை. எந்த இயக்கியானாலும் தரவுத்தளத்தின் தலைமைப் பயனரைக் கடைக் கணினியின் இணைப்பில் கொடுக்கக்கூடாது. அறிக்கை எடுக்கும் எக்செல்லுக்கு வாசிக்கும் உரிமை மட்டும் உள்ள ஒரு பயனர், பில் செயலிக்குச் சேர்க்கவும் திருத்தவும் உரிமையுள்ள இன்னொரு பயனர் என்று பிரித்து வைப்பதே முறை.

வெள்ளவத்தைக் கடைக்கும் கொட்டாஞ்சேனைக் களஞ்சியத்துக்கும் இடையே ஏறத்தாழ 10 கிலோமீட்டர். களஞ்சியத்தில் இருந்தபடி கடையின் இருப்பைப் பார்க்க விரும்புவோர் ரவுட்டரில் 3306 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவது உண்டு. இணையம் முழுவதும் திறந்த போர்ட்களைத் தேடும் தானியங்கிக் கருவிகள் அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. இரு இடங்களையும் விபிஎன் வழியாக இணைத்து, தரவுத்தளப் போர்ட்டை உள்ளேயே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. வாடிக்கையாளரின் பெயரும் அடையாள இலக்கமும் தொலைபேசியும் கொண்ட பட்டியல் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொருளும் ஆகும். அந்தப் பட்டியலைக் காப்பது நம்பிப் பெயர் கொடுத்துப் போனவருக்குக் கடை செய்யவேண்டிய கடமை.

பிற இயங்குதளங்கள்

லினக்ஸில் யுனிக்ஸ் ஓடிபிசி என்ற மேலாளர் பயன்படுகிறது. இயக்கிகளின் பட்டியல் ஒரு எழுத்துக் கோப்பிலும் டிஎஸ்என்கள் இன்னொரு எழுத்துக் கோப்பிலும் இருக்கும். ஐஎஸ்கியூஎல் என்ற கட்டளையால் இணைப்பை உடனே சோதிக்கலாம். மேக் கணினியில் ஐஓடிபிசி என்ற மேலாளர் உண்டு. அப்பிளின் சொந்தச் சில்லு கொண்ட புதிய மேக்குகளில் செயலியும் இயக்கியும் ஒரே சில்லு வகைக்கு உரியனவாக இருக்கவேண்டும். விண்டோஸின் பிட் விதி இங்கு வேறு பெயரில் வருகிறது. ஜேடிபிசி, பைதன் போன்றவற்றுக்கு டிஎஸ்என் தேவையில்லை. இணைப்பு விவரம் நிரலிலேயே எழுதப்படும். க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் மாணவர் தரவுத்தளத்தை நிரலோடு இணைக்கக் கற்பதும் இந்த வழியில்தான்.

பேணல்

இணைப்பு வரியில் எழுதப்படும் இயக்கிப் பெயரில் பதிப்பு இலக்கமும் சேர்ந்திருப்பதால், இயக்கியைப் புதுப்பித்த மறுநாள் செயலி ஐஎம்002 பிழையோடு நிற்கலாம். பழைய இயக்கியை உடனே நீக்காமல் புதியதைப் பக்கத்தில் நிறுவி, டிஎஸ்என்னை மாற்றிச் சோதித்த பின் பழையதை நீக்குவது நல்லது.

ஒவ்வொரு கணினிக்கும் ஒரு தாள் வைத்திருக்கவேண்டும். இயக்கியின் பெயரும் பதிப்பும், பிட் அளவு, டிஎஸ்என்னின் பெயரும் வகையும், சேர்வரின் முகவரியும் போர்ட்டும், பயனர் பெயர், எழுத்துத் தொகுதி, நிறுவிய திகதி ஆகியவை அதில் இருக்கவேண்டும், கடவுச்சொல் இருக்கக்கூடாது. அதே தாளின் அடியில் சோதனை வரி ஒன்றும் வேண்டும்: கொட்டாஞ்சேனை என்ற சொல், வி எழுத்தில் முடியும் ஓர் அடையாள இலக்கம், பூச்சியத்தில் தொடங்கும் ஒரு தொலைபேசி இலக்கம், மே 4 என்ற திகதி. இயக்கியை நிறுவும்போதும் மாற்றும்போதும் இந்த நான்கையும் செயலி வழியே பதிந்து, எக்செல் வழியே திரும்ப எடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துக் கையொப்பமிட்டால் அந்தக் கணினியின் இணைப்பு வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.